கேட்டவளும் பார்த்தவரும்

அம்பிட்டிய, கண்டி
10 பெப்ரவரி 1991

அன்புள்ள மங்களேஸ்வரிக்கு,

நீ ஐப்பசியில் எழுதிய கடிதம் தை கடைசியில் வந்து சேர்ந்தது. உறை இரண்டு தரம் பிரித்து இரண்டு தரம் ஒட்டப்பட்டிருந்தது. ஒருவர் பசை பூசியிருக்கிறார், மற்றவர் சோற்றுப் பருக்கை. எந்தப் பக்கத்தில் பசைக்குத் தட்டுப்பாடு என்று ஆராய்வது ஓய்வுபெற்ற அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரின் வேலை அல்ல. நம் கடிதங்களுக்கு வேறு வாசகர்களும் இருப்பதால் நாட்டு நடப்பு எழுதுவதாக இல்லை. சினிமா எழுதுகிறேன். அதை இரு தரப்பும் ஆட்சேபிக்காது என்று நம்புகிறேன்.

உன் அக்கா லீலாதேவிக்குப் பித்தப்பைக் கல்லை எடுக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இரண்டு கிழமைக்குத்தான் யாழ்ப்பாணம் போனாய். நீ போய் இறங்கிய கையோடு சண்டை மூண்டு பாதை அடைபட்டது. கல் வெளியே வந்துவிட்டது. நீதான் வரவில்லை.

நீ புறப்படுவதற்கு முதல் நாள் சேர்ந்து பார்த்த படத்தில் நான் இடைவேளையோடு எழும்பி வெளியே போய்க் கடலை வாங்கித் தின்றேன். நீ கடைசிவரை இருந்து, அழுது முடித்து வந்தாய். வீடு வரும்வரை பேசவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறதா என்று உன் கடிதத்தில் தெரியவில்லை. இருந்தால் தெரிவிக்கவும். படம் மோசம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

சென்ற ஞாயிறு டவுனில் ஒரு பழைய படத்தைத் திரும்பப் போட்டார்கள். ஒரு தகப்பன், ஒரு மகள், மகளை விரும்பும் ஒரு வாத்தியார். தகப்பன் பெரிய வில்லன். படம் முழுவதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாத்தியாரை முறைக்கிறார். கடைசியில் கட்டிலில் கிடந்து சாகிறார். மகள் எதற்காக அப்படி விழுந்து அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. வசனம் குறைவு, அது ஒரு நல்ல அம்சம். பாட்டுகளும் பரவாயில்லை. கதாநாயகன் வாயை நன்றாகத் திறந்து பாடுகிறார்.

பக்கத்தில் வெறுமையாக இருந்த உன் கதிரையில் குடையை வைத்தேன். அது கடைசிவரை இருந்தது.

இப்படிக்கு,
ஸ்ரீஸ்கந்தராசா


உரும்பிராய்
3 மே 1991

இஞ்சாருங்கோ,

உங்கள் பெயரைச் சொல்லிக் கடிதம் தொடங்க எனக்கு இன்னும் வரவில்லை. உறையில் எழுதுவது போதும்.

கோபம் இருக்கிறது. கேட்டபடியால் தெரிவிக்கிறேன்.

இங்கே மின்சாரம் இல்லை. பற்றரியும் வர விடுகிறார்கள் இல்லை. விமலநாதன் அத்தான் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் மிதித்தால் றேடியோ பேசும். அடிதடி என்றால் உற்சாகமாக மிதிப்பார், சத்தம் நன்றாக வரும். யாராவது அழத் தொடங்கினால் அவருக்குக் கால் ஓய்ந்துவிடும், றேடியோவும் மயங்கிவிடும்.

அக்கா கத்துவா: "இஞ்ச, அவள் என்ன சொல்லிச் சாகிறாள் எண்டு கேக்க வேணும். மிதியுங்கோ."

"நீ வந்து மிதி. அவள் சாக முந்தி நான் செத்துப் போவன்."

இப்படித்தான் நாங்கள் படம் பார்க்கிறோம்.

நீங்கள் எழுதிய அதே படத்தின் ஒலிச்சித்திரத்தைப் போன மாதம் போட்டார்கள். படத்தின் சத்தத்தை மட்டும் ஒரு மணித்தியாலத்துக்குச் சுருக்கிப் போடுவார்களே, அதுதான். அந்தத் தகப்பன் வில்லன் இல்லை. அவருக்கு வயிற்றில் புற்றுநோய். மகளுக்குத் தெரியக்கூடாது என்று வலியை அடக்கிக்கொண்டு நடமாடுகிறார். அதுதான் நீங்கள் கண்ட முறைப்பு. வாத்தியாரைத் தனியே கூப்பிட்டு, "நான் போனப்புறம் அவளைத் தனியா விட்டுடாதீங்க" என்று கெஞ்சுகிறார். வசனம் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதர் படம் முழுக்கப் பேசிக்கொண்டேதான் சாகிறார்.

பாட்டை யாரும் வாய் திறக்கிற அளவை வைத்து மதிப்பிடுவதில்லை.

எண்பத்து மூன்று கலவரத்தில் உங்கள் வலது காதில் பொல்லால் அடித்தார்கள். இடது காது போதும் என்றீர்கள். இப்போது அதுவும் போய்விட்டதா? மறைக்காமல் எழுதுங்கோ. தியேட்டரிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் சென்றி இருக்கிறது. ஆமிக்காரன் நில் என்று சொன்னால் உங்களுக்குக் கேட்குமா? நான் இங்கே விழுந்து வெடிக்கிற செல்லுக்குப் பயப்படுகிறதிலும் பார்க்க அதற்குத்தான் பயப்படுகிறேன்.

மங்களேஸ்வரி


அம்பிட்டிய
14 ஜூலை 1991

அன்புள்ள மங்களேஸ்வரிக்கு,

ஒரு படத்தைக் கேட்டுவிட்டு, அதைப் பார்த்தவனைத் திருத்திய முதல் விமர்சகர் நீ. தகப்பனுக்குப் புற்றுநோய் என்பதை அந்த நடிகரிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் அது இல்லை. இருந்தது கடன்காரனைக் கண்ட முகம்.

என் காது நன்றாக இருக்கிறது. உலகம்தான் வரவர முணுமுணுக்கிறது. இந்தக் காலத்தில் அது புத்திசாலித்தனமும்கூட.

போன வெள்ளிக்கிழமை, திகனயில் வீடியோ கசற் வாடகைக்கு விடுகிற நம் ஹபீல் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டபின் படம் போட்டார். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். பிறகும் கொஞ்சம்.

"ஐயா, இதுக்கு மேல கூட்டினா டீவி வெடிச்சிப் போகும்" என்றார் ஹபீல்.

அவர் மனைவி றம்லத் எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டாள். "ஐயாவுக்கு வெளங்கல்ல போல. நான் சொல்றன். அந்தப் புள்ள அவன்ட தங்கச்சி. பொண்டாட்டி இல்ல."

அதுவரை அவர்களைக் கணவன் மனைவி என்று எண்ணி, வேறொருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க அவன் ஓடித் திரிவதைப் பார்த்து, தமிழ்ப் படம் இவ்வளவு துணிந்துவிட்டதே என்று வியந்துகொண்டிருந்தேன். உண்மை தெரிந்ததும் படம் சாதாரணமாகிவிட்டது. றம்லத் எனக்குச் சொல்வதைப் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே சொல்கிறாள். அவளுக்குத் தொண்டை பெரிது. அவ்வளவுதான்.

பொழுதுபடமுன் வீடு வந்து கதவைச் சாத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. அது காதின் குறை என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் நீயும் இல்லையென்றால் சத்தம் எங்கிருந்து வரும்.

சென்றியைப் பற்றிக் கவலைப்படாதே. முன்னால் போகிறவர்கள் நின்றால் நானும் நிற்பேன். இந்த நாட்டில் பெரும்பாலானோர் அப்படித்தான் நிற்கிறார்கள், என்னத்துக்கு என்று கேட்பதில்லை. உனக்கு அவ்வளவு பயம் என்றால் நான் அங்கே வந்துவிடுகிறேன்.

ஸ்ரீஸ்கந்தராசா


உரும்பிராய்
20 ஒக்டோபர் 1991

இஞ்சாருங்கோ,

வர வேண்டாம். இங்கே குண்டு போட பொம்பர் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியும்போது பங்கருக்குள் இருக்க வேண்டும். நான் கையைப் பிடித்து இழுக்க, நீங்கள் முற்றத்தில் நின்று விளக்கம் கேட்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

தங்கச்சியைப் பெண்சாதி என்று நினைத்ததை எழுதிவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கிறது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னா.

இங்கிருந்து வெளியே போக, போக விடுகிறவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். போய்க் கேட்டேன். மேசையில் இருந்த பெடியன் மரியாதையாகத்தான் பேசினான்.

"என்ன காரணம் அம்மா?"

"என்ர மனுசன் கண்டியில தனிய இருக்கிறார். காது கேக்காது."

"காது கேக்காததெல்லாம் ஒரு காரணமே அம்மா? இஞ்ச செல் சத்தத்தில அரைவாசிப் பேருக்குக் கேக்காது."

"அவையளுக்குப் பக்கத்தில ஆள் இருக்கு, தம்பி."

அவன் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அப்ப டொக்டரிட்டத் துண்டு எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. துணை வேணும் எண்டு அதில இருக்க வேணும்."

ஆகையால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். டொக்டரிடம் போய், எனக்குக் காது கேட்காது என்று சொல்லுங்கோ. அதைவிட முக்கியம், அதற்கு முதல் உங்களுக்கே சொல்லுங்கோ.

அன்றைக்கு நீங்கள் இடைவேளையோடு எழும்பிப் போனது படம் மோசம் என்பதால் இல்லை என்று இப்போது விளங்குகிறது. படத்தில் என்ன பேசுகிறார்கள் என்று விளங்காதபடியால் உள்ளே இருக்க முடியாமல் எழும்பிப் போயிருக்கிறீர்கள். அதை அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். அக்காவின் கல்லை அக்கா பார்த்திருப்பா.

மங்களேஸ்வரி


அம்பிட்டிய
9 பெப்ரவரி 1992

அன்புள்ள மங்களேஸ்வரிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் நல்ல பதில்கள் தோன்றின. நல்ல பதில்கள் எல்லாம் பொய்யாக இருந்தன.

போன ஞாயிறு பார்த்த படம்: அண்ணன் தம்பி இருவர், ஒரு கிணறு. கிணறு நன்றாக நடித்தது.

வெளியே வந்தபோது மழை. குடையை விரித்துக்கொண்டு ஏரிக்கரை வளைவால் நடந்தேன். முன்னால் போகிறவரைப் பார்த்து நிற்பேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒருவரும் போகவில்லை. இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

யாரோ பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து என்னைச் சேற்றில் விழுத்தினார்கள். புரண்டு பார்த்தால் காளிமுத்து. தியேட்டரில் ரோர்ச் அடித்து இடம் காட்டுகிறவர், மஹய்யாவக்காரர், அன்றைக்கு ஏதோ அலுவலாக அந்தப் பக்கம் வந்தவர், உன் கதிரையில் நான் குடையை வைக்க ஒருபோதும் மறுப்புச் சொல்லாதவர். அவர் எனக்கும், சென்றியிலிருந்து நீட்டிய இரண்டு துவக்குகளுக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு முழங்காலில் நின்றார். சிங்களத்தில் என்னவோ கத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்ததால் கத்துகிறார் என்று தெரிந்தது.

பல தரம் நிற்கச் சொன்னார்களாம். நான் குடையைச் சுழற்றிக்கொண்டு நடந்தேனாம்.

துவக்கைத் தாழ்த்தியபின் காளிமுத்து என் இடது காதில் வாயை வைத்துச் சொன்னார்: "ஐயாவுக்குக் காது சுத்தமா கேக்காதுன்னு சொல்லிட்டேங்க. கோவிச்சுக்காதீங்க. வேற என்னத்தச் சொல்றது?"

ஒரு சிப்பாய் குடையை எடுத்துத் தந்தான். வீடுவரை அதை நான் விரிக்கவில்லை.

ஆகவே, எனக்குக் கேட்காது. எழுதிவிட்டேன். இந்த வரியை எழுத ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. இனி இதை வாசிக்கப்போகிற மற்ற இரு தரப்பாரும் குறித்துக்கொள்ளலாம்.

நாளைக்கு டொக்டரிடம் போகிறேன்.

ஸ்ரீஸ்கந்தராசா


அம்பிட்டிய
1 மார்ச் 1992

அன்புள்ள மங்களேஸ்வரிக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். டொக்டரின் துண்டு இதோடு இருக்கிறது. பிரித்துப் பார்க்கும் அன்பர்கள் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

டொக்டர் ஒரு சிங்களவர், வயதானவர், பொறுமைசாலி. நாங்கள் இருவரும் கடதாசியில் எழுதிப் பேசினோம். வலது காது முடிந்துவிட்டதாம். இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். கொழும்பில் சொல்லிவைத்தால் ஒரு மெசின் வரும், மாட்டிக்கொண்டால் எதிரே இருப்பவர் பேசுவது கேட்கும் என்று எழுதினார்.

"அப்படியானால் துண்டில் என்ன எழுதுவீர்கள்?" என்று எழுதிக் கேட்டேன்.

"மெசின் உதவியோடு கேட்கும் என்று."

"மெசின் இல்லாவிட்டால்?"

"கேட்காது, துணை வேண்டும் என்று."

கொஞ்சம் யோசித்துவிட்டு, மெசின் வேண்டாம் என்று எழுதினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் மூளையைப் பற்றியும் ஒரு துண்டு எழுதலாமா என்று யோசித்திருப்பார். அதனால் உன்னைப் பற்றி எழுதிக் காட்டினேன். பாதை, பாஸ், மேசையில் இருந்த பெடியன், எல்லாம். வாசித்து முடித்துத் துண்டை எழுதினார். பிறகு நான் கேட்காமலே சிவப்புப் பேனையை எடுத்து, துணை என்ற சொல்லின் கீழ் கோடு போட்டார்.

நீ வரும்வரை நான் செவிடன். இனி உத்தியோகபூர்வமாக.

பயப்படாதே. காளிமுத்து என்னைச் சென்றி தாண்ட விட்டுவிட்டுத்தான் மஹய்யாவவுக்குத் திரும்புகிறார். அது அவருக்கு நேரெதிர்த் திசை. வேண்டாம் என்று சொன்னால், கேட்காதது போல நடக்கிறார்.

ஸ்ரீஸ்கந்தராசா


உரும்பிராய்
15 ஓகஸ்ட் 1992

இஞ்சாருங்கோ,

உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. முதலாவதை வாசித்துவிட்டு, இரண்டாவதைப் பிரிக்க முதல் கோயிலுக்குப் போனேன்.

மெசினை வாங்குங்கோ. நாளைக்கே கொழும்புக்குச் சொல்லி அனுப்புங்கோ. காது கேட்கிற மனுசன் கண்டியில் தனிய இருக்கட்டும். செத்துப்போன செவிடனிடம் வந்து நான் என்ன செய்கிறது?

இப்படிச் சொல்லத்தான் நினைத்தேன். துண்டைக் கொடுக்காமல் கிழித்துப் போடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு பாஸ் கந்தோர் வரை நடந்தேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கொடுத்துவிட்டேன். உங்களை ஆபத்தில் வைத்துக்கொண்டு என் பாஸைப் பார்க்கிறேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல பெயராக இருக்காது.

அத்தானுக்கு நெஞ்சு நோ. மிதிக்கக்கூடாது என்றுவிட்டார்கள். இப்போது நான்தான் மிதிக்கிறேன். போன கிழமை ஒரு படத்தில், வெளியூர் போன புருசனுக்காக ஒருத்தி பல வருடம் காத்திருக்கிறாள். கடைசிக் கட்டத்தில் திடீரென்று ஒன்றும் கேட்கவில்லை. கால் ஓய்ந்துவிட்டதாக்கும் என்று இன்னும் வேகமாக மிதித்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. வசனமும் இல்லை, பாட்டும் இல்லை. பிறகு மணி அடித்தது, படம் முடிந்தது. அந்த இடத்தில் என்ன நடந்தது? அவன் வந்தானா? கசற் கிடைத்தால் பார்த்து எழுதுங்கோ. கதாநாயகிக்குக் கன்னத்தில் பெரிய மச்சம் இருக்குமாம், அக்கா சொல்கிறா.

மங்களேஸ்வரி


அம்பிட்டிய
29 நவம்பர் 1992

அன்புள்ள மங்களேஸ்வரிக்கு,

மச்சத்தை வைத்து ஹபீல் அந்தக் கசற்றைத் தேடிப் பிடித்தார். றம்லத் உதவிக்கு வந்தாள். அந்தக் கட்டம் வந்ததும், "இதில ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல ஐயா, நீங்களே பாருங்க" என்று விட்டுவிட்டாள்.

அவன் வருகிறான். ரோட்டால் நடந்து வருகிறான், பெட்டி கையில். அவள் கிணற்றடியில் நிற்கிறாள். அவனைக் கண்டதும் வாளிக் கயிற்றை விடவில்லை, ஓடவும் இல்லை. முகத்தைத்தான் காட்டுகிறார்கள், முதலில் அவளுடையது, பிறகு அவனுடையது. இரண்டு பேரும் கிழண்டு போய்விட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த இரண்டு வருடத்தில் நான் ஒன்றையும் தவறவிடாமல் பார்த்த இடம் அது ஒன்றுதான். படத்தின் மிச்சம் குப்பை.

மெசின் வாங்கவில்லை. நீ உன் துண்டைக் கொடுத்ததற்கு என்ன பெயரோ, இதற்கும் அதுதான்.

ஸ்ரீஸ்கந்தராசா


வவுனியா
22 ஜனவரி 1993

இஞ்சாருங்கோ,

பாஸ் கிடைத்தது. கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்து வந்தேன். அதைப் பற்றி எழுதுவதாக இல்லை. கால் நனைந்த சேலையோடு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். வடக்கிலிருந்து வந்தவர்களை எல்லாம் இங்கே வைத்து விசாரிக்கிறார்கள். அங்கே எனக்கு உதவிய துண்டை இங்கே ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

பொறுப்பெடுக்க ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் வாசலில் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுகிறார்கள். பொறுப்பெடுக்க வந்தவர் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவர் எழும்பாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். பிறகு அடுத்த தவணைதான். இன்றைக்கு ஒரு கிழவர் வாசலிலேயே நித்திரையாகி, மகளை விட்டுவிட்டுப் போனார்.

மெசின் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். எப்படி வரப்போகிறீர்கள்? ஹபீலைக் கேளுங்கோ, துணைக்கு வருவாரா?

உங்கட,
மங்களேஸ்வரி


அம்பிட்டிய
28 ஜனவரி 1993

அன்புள்ள மங்களேஸ்வரிக்கு,

இந்தக் கடிதத்தில் ஒட்டு ஒன்றும் இருக்காது. வவுனியாவுக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நம் வாசகர்களைப் பிரிவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் கிடைத்த அன்றே மெசினுக்குச் சொல்லிவிட்டேன். வர ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை உன்னை ஒரு பள்ளிக்கூடத்து மர வாங்கில் விட்டுவைக்க நான் தயாராக இல்லை. ஹபீல் வருவதாகச் சொன்னார். நேற்று றம்லத் காய்ச்சலில் படுத்துவிட்டாள். காளிமுத்து லீவு கேட்டார், கிடைக்கவில்லை. நான் தனியாகத்தான் வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் இருப்பேன்.

வழியில் எத்தனை சென்றி என்று கேட்டு வைத்திருக்கிறேன். பஸ்ஸில் முன் சீற்றில் இருப்பேன், பக்கத்தில் இருப்பவர் இறங்கினால் இறங்குவேன். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்றாக இரண்டு மட்டைகளில் காது கேளாதவர் என்று எழுதி, நூல் கோத்து வைத்திருக்கிறேன். பஸ் ஏறும்போது கழுத்தில் போட்டுக்கொள்வேன். கச்சேரியில் என்னோடு வேலை செய்தவர்கள் யாரும் அந்த பஸ்ஸில் வராமல் இருந்தால் நல்லது. வந்தாலும் போடத்தான் போகிறேன்.

ஒன்றுதான் என் கையில் இல்லை. அவர்கள் பெயரைக் கூப்பிடுவது எனக்குக் கேட்காது. எத்தனையாவது பெயர் என்றும் தெரியாது. எழும்புகிற ஒவ்வொருவருடனும் நானும் எழும்பி நின்றால் பைத்தியம் என்று வெளியே போட்டுவிடுவார்கள்.

ஆகையால் நீ உள்ளே வாசலுக்கு நேராக, என் கண்ணில் படுகிற இடத்தில் நில். அவர்கள் என் பெயரைச் சொன்னதும் நீ கையைத் தூக்கு. நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தேவையில்லை. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன், வேறு எங்கும் பார்க்க மாட்டேன்.

ஸ்ரீஸ்கந்தராசா